பாக்கெட் மாடல்

கேக்குதாம்மா, கேக்குதாம்மான்னு இந்தப் பிள்ளை எத்தனை வாட்டிதான் கேக்கும். கேக்குது தாயி, நீ கேக்குறது நல்லாவே கேக்குது, உன் சத்தத்தைக் கேக்கவா நான் இந்தப் பாளையங்கோட்டை வெயில்ல ஆட்டோ பிடிச்சு, நடக்க மாட்டாத மனுஷனையும் கையில பிடிச்சுக்கிட்டு மாடி ஏறி வந்தேன். நஸ்ரின்னு கோட்டுல பேரு குத்தியிருக்கா. காது மிஷின் கடைதான் இது, ஆனா அவ டாக்டர் மாதிரி வெள்ளைக் கோட்டு போட்டு, கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே பேசுதா. கொஞ்சம் முன்னால ஒரு தாளை எடுத்து வாயை மறைச்சுக்கிட்டு ஒவ்வொரு சொல்லாச் சொன்னா, நான் திருப்பிச் சொல்லணுமாம், வாயைப் பாத்துட்டுச் சொல்லக்கூடாதாம். நான் எங்கட்டி வாயைப் பாக்கேன்னு கேக்கப் போனேன், பாத்தா, ஆமா, பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கேன், எனக்கே தெரியாம இத்தனை நாளா எல்லார் வாயையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கேன். தோப்புன்னேன். சோப்பாம். பதின்னேன். பசியாம். மீதியைக் குருட்டாம்போக்குல அடிச்சுவிட்டேன், சிலது சரியா விழுந்துச்சு போல, தலையை ஆட்டினா. பெண்பிள்ளைக பள்ளிக்கூடத்துல டிரில் டீச்சரா இருந்தவ நான், மேபல் டீச்சர் ஒரு அதட்டு அதட்டினா மதிலுக்கு அந்தப் பக்கம் ரோட்டுல போற சைக்கிள்காரன் காலை ஊனுவான்னு சொல்லுவாங்க, அந்த மேபல் டீச்சர் இன்னைக்கு ஒரு சின்னப் பிள்ளை முன்னால சோப்பையும் தோப்பையும் வச்சு முழிக்கேன். பின்னால நாற்காலியில என் மக பிரிஸி, ஐதராபாத்துல வேலை, அம்மாவுக்கு மிஷின் வாங்கி மாட்டிவிட்டுட்டுத்தான் போவேன்னு லீவு போட்டு வந்திருக்கா. அவ பக்கத்துல அவுக. அருமைநாயகம், என் வீட்டுக்காரரு. வலது கை மடியில துள்ளிக்கிட்டே கிடக்கு, இடது கையால அதை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாக்காக. வாயைத் திறக்கல. ஞாயித்துக்கிழமையில இருந்து திறக்கல.

அதுக்குத்தான் வந்திருக்கேன், பிரிஸிக்குத் தெரியாது. சோப்பும் பசியும் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகுது, ஞாயித்துக்கிழமை அவுக சொன்ன ஒரு பேச்சு எனக்குக் கேக்கணும், அவ்வளவுதான். சாயந்திரம் விளக்கு போட்டதும் எங்க வீட்டுல குடும்ப ஜெபம், கல்யாணம் ஆன நாள்ல இருந்து உண்டு. அவுக ஜெபம் பண்ணுவாக, நான் கண்ணை மூடிக்கிட்டு இருந்து கடைசியில ஆமென் சொல்லணும், என் வேலை அம்புட்டுத்தான். அதெல்லாம் ஒரு வேலையான்னு முன்னால நினைப்பேன், இப்பம் அதுதான் பெரிய வேலையா இருக்கு, எப்பம் முடிக்காகன்னு தெரியணும்லா. கரண்டு ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டர், கீழ நின்னு கம்பத்து உச்சியில இருக்கிறவனுக்கு உத்தரவு போட்ட குரல் அது, அவுக ஜெபம் பண்ணினா பக்கத்து வீட்டுக்காரங்களும் சேந்து ஆமென் சொல்லலாம். இந்த நடுக்கு வியாதி வந்தது, கை ஒரு பக்கம் துள்ளுது, குரல் ஒரு பக்கம் இறங்குது. என் காதும் அதே நேரம் பாத்து இறங்குச்சு, ரெண்டும் பேசிவச்சுக்கிட்டு செஞ்ச மாதிரி. கண்ணை மூடினா எனக்கு ஜெபமே இல்ல, வெறும் இருட்டு. அதனால ஜெபத்துல மட்டும் தெரிஞ்சேதான் ஓரக்கண்ணால அவுக வாயைப் பாத்துக்கிட்டு இருப்பேன், வாய் நின்னா ஆமென். ஞாயித்துக்கிழமை வாய் நின்னுச்சு, ஆமென்னேன். பாத்தா நின்னது மூச்சு வாங்க. அவுக முடிக்கல. கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாக, கோவமா வருத்தமான்னு கண்டுபிடிக்க முடியாது, அந்த வியாதி முகத்தையும் சேத்துத் துடைச்சு வச்சிருக்கு, சிரிச்சாலும் அதே முகம் அழுதாலும் அதே முகம். என் மணிக்கட்டைப் பிடிச்சாக. பிடிச்சுக்கிட்டு என்னமோ சொன்னாக, நீளமா, நடுவுல மூச்சு வாங்கி மறுபடியும் சொன்னாக. கடைசியில புருவம் லேசா ஏறிச்சு. அப்பம் அது கேள்வி. என்னமோ கேட்டாக. கேட்டது கேக்கல. நம்ம பாஷையில பாரு, ரெண்டுக்கும் ஒரே சொல்லு. சரிங்கன்னேன். ஒரு நொடி பாத்தாக, கையை விட்டாக, சுவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டாக, கண்ணுல தண்ணி நின்னுது. அன்னையில இருந்து ஜெபமும் இல்ல பேச்சும் இல்ல. நான் எதுக்கு சரி சொன்னேன்னு எனக்குத் தெரியல.

இதைப் போடுங்கம்மான்னு நஸ்ரின் ஒண்ணைக் காட்டுதா, பிரிஸி தேர்ந்தெடுத்தது, கண்ணுக்கே தெரியல, துவரம்பருப்புக்கு ஒரு அண்ணன் இருந்தா இப்படி இருக்கும். காது ஓட்டைக்குள்ள முழுசா இறங்கிருமாம், வெளிய ஆளுக யாருக்கும் தெரியாதாம், எடுக்கணும்னா ஒரு சின்ன நைலான் நரம்பு நீட்டிக்கிட்டு இருக்கு, அதைப் பிடிச்சு இழுக்கணும். யாருக்கும் தெரியாதும்மான்னு பிரிஸி அதையே ரெண்டு வாட்டி சொல்லுதா, அவளுக்கு அதுதான் முக்கியம், அவ மாமியார் வீட்டுல கேலி பண்ணுவாங்களாம். கேலி பண்ணட்டும்ட்டி, எனக்குக் கேக்காதுல்லான்னேன். மாட்டிவிட்டா. ஐயோ, இது யாரு பேசுறதுன்னு பாத்தா நான்தான், குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி என் குரலே என் மண்டைக்குள்ள சுத்துது, எச்சி முழுங்கினா சத்தம், பல்லு பட்டா சத்தம். பழகிரும்மா, எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான்னு நஸ்ரின். பழகிரும், பழகிரும், டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு, நடுக்கத்துக்கு மாத்திரை எழுதும்போது, சார் பழகிருவாங்கம்மான்னு. குரலுக்குப் பயிற்சி இருக்கு, தினமும் ஆ-ன்னு நீளமாச் சத்தம் கொடுக்கணும்னாரு, நான் விசிலை எடுத்துக்கிட்டு முன்னால நின்னேன், எங்க, ஆ சொல்லுங்க பாப்போம்னு, பழைய புத்தி. அவுக என்னை ஒரு பார்வை பாத்தாக. நான் என்ன உன் கிளாஸ் பிள்ளையான்னாக, அப்பம் குரல் கொஞ்சம் இருந்துச்சு. அதுக்கப்புறம் அந்த ஆ எங்க வீட்டுல கேக்கவே இல்ல. விட்டுட்டேனே, விடாம நின்னிருக்கணுமோ, காலைப் பிடிச்சிருக்கணுமோ. இப்பம் நினைச்சு என்ன. சார், நீங்க ஏதாவது பேசுங்க, அம்மாவுக்கு எப்படிக் கேக்குதுன்னு பாப்போம்னு நஸ்ரின் அவுகளைப் பாத்துச் சொல்லுதா. அவுக பேசல. அப்பா, பேசுங்கப்பா, சும்மா ஏதாவதுன்னு பிரிஸி. இதுக்குப் பேட்டரி யாரு மாத்துறதுன்னு நானே பேச்சை மாத்தினேன், அந்தப் பேட்டரி மிளகு மாதிரி இருக்கு, என் விரல் மூட்டு இருக்கிற இருப்புக்கு எனக்கு ஆகாது, அவுக கைக்கு ஆகவே ஆகாது.

அடுத்தது காது மடல் குழியை அடைச்ச மாதிரி உக்காருறது, ரோஸ் கலர்ல கொண்டைக்கடலை சைஸ். இதுக்கு நம்ம காதை மெழுகு மாதிரி ஒண்ணை ஊத்தி அச்சு எடுப்பாங்களாம், இப்போதைக்கு அளவு பாக்க சும்மா ஒண்ணு. உள்ள வச்சதும் வீல்னு ஒரு விசில். திடுக்குன்னு ஆயிட்டு. கையைக் காதுகிட்ட கொண்டுபோனா ஊதும்மா, தலகாணியில சாஞ்சாலும் ஊதும், சரியா உக்காந்தா ஊதாதுன்னா நஸ்ரின். ஆயுசு பூரா நான் ஊதினேன், இப்பம் என் காது என்னைப் பாத்து ஊதுது. பிரிஸி சிரிச்சா, நானும் சிரிச்சேன், அவுக முகத்தைப் பாத்தேன், சிரிக்காகளா இல்லையான்னு தெரியல. முன்னாலன்னா இதுக்கு ஒண்ணு சொல்லியிருப்பாக, ரெஃப்ரி ஊதியாச்சு வெளிய போன்னோ என்னமோ. என்னைக் கேலி பண்றதுன்னா அவுகளுக்கு அல்வா சாப்பிடுற மாதிரி. அப்புறம் அந்தக் கேலியே சண்டையாப் போச்சு. நீ செவிடுன்னாக. நீங்க முனங்குறீகன்னேன். நான் கத்திக்கிட்டு இருக்கேன், ஊருக்கே கேக்குது, உனக்குத்தான் கேக்கலன்னாக. அதை அவுக சொன்னதே எனக்கு மூணு தடவை கேட்டபிறகுதான் புரிஞ்சுது. டாக்டர் எனக்குத் தனியாச் சொன்னாரு, இந்த வியாதிக்காரங்களுக்குத் தன் குரல் இறங்கினது தனக்குத் தெரியாதும்மா, பழையபடி கத்துறதாத்தான் நினைப்பாங்கன்னு. அவுக காதுல எந்தக் குத்தமும் இல்ல, அது பாம்புக் காது, அடுக்களையில நான் முணுமுணுத்தா முன்வாசல்ல இருந்து பதில் வரும். தன் சத்தம் மட்டும் தெரியல. எனக்கு என் காது போனது தெரிஞ்சு, அவுகளுக்கு அவுக குரல் போனது தெரியாம, ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல உக்காந்து நீதான் நீதான்னு சண்டை போட்டோம். எழுதிக் காட்டுங்கன்னு தாளைக் கொடுத்தேன். கோழி கிண்டின மாதிரி ஒரு கோடு, அது போகப்போகச் சின்னதாகி எறும்பு மாதிரி ஆகி நின்னுபோச்சு. தாளை அவுகளே கசக்கிட்டாக. சண்டையாவது இருந்துச்சே அப்பம்.

இது பாருங்கம்மா, இப்பம் எல்லாரும் இதைத்தான் கேக்காங்கன்னு நஸ்ரின் மூணாவதை எடுக்கா. காதுக்குப் பின்னால சின்னதா ஒரு வாழைப்பூ இதழ், அதுல இருந்து முடி மாதிரி ஒரு வயரு, நுனியில ஒரு ரப்பர் மொட்டு, அதைக் காதுக்குள்ள விடணும். மாட்டினது தெரியவே இல்ல. அடேயப்பா. ஃபேன் இப்படியா சத்தம் போடும், இவ்வளவு நேரமா இது ஓடிக்கிட்டா இருந்துச்சு. கீ போர்டுல அந்தப் பிள்ளை தட்டுறது ஒவ்வொண்ணும் டக்கு டக்குன்னு விழுது, கீழ ரோட்டுல பஸ்காரன் பிரேக் போடுறான், யாரோ வண்ணாரப்பேட்டை வண்ணாரப்பேட்டைங்கிறான், என் சேலை உரசுறது எனக்கே கேக்குது, காகிதம் கசக்குற மாதிரி. பிரிஸி சூயிங்கம் மெல்லுதா, ஏட்டி அதைத் துப்பு முதல்லன்னேன், ஐயோ அம்மாவுக்குக் கேட்டுட்டுன்னு எழும்பி நின்னுட்டா, சந்தோஷம் அவளுக்கு. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லுவானேன், இவ்வளவும் கேக்கும்போது அவுக குரல் மட்டும் கேக்காமலா போயிரும், ஒரு நூலு இருந்தாப் போதும், மிஷின் பிடிச்சுக் கொடுத்துரும். உடனே பயம். கேட்டுட்டா என்ன செய்ய. அது என்ன பேச்சா இருக்கும். மேபல், என்னை எங்கயாவது ஹோம்ல கொண்டு விட்டுரு, உன்னால முடியலன்னு சொல்லியிருப்பாகளோ, அதுக்கு நான் சரிங்கன்னா சொன்னேன். நான் போயிட்டா நீ பிரிஸிகிட்டப் போயிருவியான்னு கேட்டிருப்பாகளோ, அதுக்குமா சரிங்கன்னேன். என்மேல வெறுப்பா இருக்கான்னு கேட்டிருப்பாக. கர்த்தரே, அதுக்கு சரிங்கன்னு சொல்லியிருந்தா. இல்ல, என்னைச் சீக்கிரம் எடுத்துக்கிடணும்னு ஆண்டவர்கிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தேன், நீ நடுவுல ஆமென் சொல்லிட்டியேன்னு சொன்னாகளோ. ஆமென்னா அப்படியே ஆகட்டும்னுல்லா அர்த்தம். ஒருவேளை ஒண்ணுமே இல்லாம இருக்கும், நாரத்தங்காய் ஊறுகாய் இருக்கான்னு கேட்டிருப்பாக, நான் சரிங்கன்னு சொல்லிட்டு எடுத்துக் கொடுக்கல, அந்தக் கோவமா இருக்கும். ஊறுகாய்க்கா கண்ணுல தண்ணி நிக்கும். நிக்கும், அவுக வியாதிக்கு நிக்கும். இல்ல, நிக்காது. நாலு நாளா இதே ரங்கராட்டினம்தான், ஊறுகாயில ஆரம்பிச்சு சாவுல போய் நிக்கும், சாவுல இருந்து மறுபடியும் ஊறுகாய்க்கு வரும். சார், இப்பம் பேசுங்களேன்னு நஸ்ரின் மறுபடியும் கேக்கா. அவுக பேசல.

இதுல சத்தம் கம்மியா இருந்தா இன்னொண்ணு இருக்கும்மா, கொஞ்சம் பெருசு, பவர் ஜாஸ்தின்னு நாலாவது வந்துச்சு. பலாக்கொட்டை அளவு, காதுக்குப் பின்னால தொத்திக்கிட்டு உக்காருது, என் மூக்குக்கண்ணாடிக் காம்பும் அதுவும் இடத்துக்குச் சண்டை போடுது, ஒரு குழாய் வந்து காதை அடைச்சு வச்சிருக்கு. கனமா இருக்கு. ஆனா சத்தம் வந்து அறையுது, நஸ்ரின் பேனாவை மேஜையில வச்சதுக்கே நான் கண்ணை மூடிட்டேன். இதுதான், இதுல கேக்காதது எதுலயும் கேக்காதுன்னு தோணிப்போச்சு. இனிமே யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன், பிரிஸி முன்னாலயா அந்தப் பிள்ளை முன்னாலயான்னு என்ன வெக்கம். நாற்காலியை அவுக பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டேன், அது தரையில உரசின சத்தம் பல்லுல ஏறிச்சு. ஏங்க, ஞாயித்துக்கிழமை என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டீகளே, அது எனக்குக் கேக்கல, கேக்காமத்தான் சரின்னேன், இப்பம் மிஷின் மாட்டியிருக்கேன் பாருங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்கன்னேன். பாத்தாக. பிரிஸி என்னம்மா, என்ன ஞாயித்துக்கிழமைன்னா, ஏட்டி, நீ சும்மா இருன்னேன். அவுக உதடு பிரிஞ்சுது. நாலு நாளைக்கு அப்புறம். அசைய ஆரம்பிச்சுது, நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன், ஃபேன் கேட்டுது, பஸ் கேட்டுது, என் நெஞ்சு கேட்டுது. உதடு அசையுது, அசையுது, லேசா, புழு நெளியுற அளவுக்கு, ஒரு இடத்துல நின்னு மறுபடியும் அசையுது. ஃபேனை நிறுத்தும்மான்னேன். நிறுத்தினா. அப்பமும் பஸ்தான் கேட்டுது. சத்தத்தைக் கூட்டும்மான்னேன், இதுக்கு மேல இல்லம்மான்னு சொல்லிட்டு அவ தன் கம்ப்யூட்டரையும் அவுக வாயையும் மாத்தி மாத்திப் பாத்தா, எழும்பி வந்தா, அவுக பக்கத்துல குனிஞ்சு முக்காட்டை ஒதுக்கிட்டுத் தன் காதை அவுக வாய்கிட்டக் கொண்டுபோனா. ஒரு குத்தமும் இல்லாத காது, கல்யாணம்கூட ஆகாத பிள்ளைக் காது. அவுக சொல்லிக்கிட்டே இருக்காக. அவ நிமிரல. நிமிர்ந்தபோது அவ முகம் சிரிக்கல. நான் பிரிஸியைப் பாத்தேன். உனக்குக் கேட்டுச்சாட்டி. எப்பமும் சொல்லுவாளே, அப்பா நல்லாத்தான்மா பேசுறாங்க, உனக்குத்தான் காதுன்னு, லீவுக்கு வாரப்பல்லாம் அவுக பக்கத்துல உக்காந்து ஆமாப்பா, சரிப்பா, அப்படியாப்பான்னு அவ்வளவு நேரம் பேசுவாளே. பிரிஸி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. கேக்கலன்னு தலையை மட்டும் ஆட்டினா. அவளும் என்னை மாதிரித்தான் இத்தனை நாளும் சரி போட்டுக்கிட்டு இருந்திருக்கா.

அம்மா, எனக்கும் கேக்கலம்மா, சாருக்குக் குரலேன்னு நஸ்ரின் ஆரம்பிச்சா. மெதுவாச் சொல்லுறதா நினைப்பு அவளுக்கு, பாம்புக் காது பக்கத்துல நிக்கோம்னு அவளுக்குத் தெரியாது. அவ வாயில இருந்து வரலங்கிற சொல்லு விழுறதுக்குள்ள நான் கத்தினேன், கிரவுண்டுல கத்துற கத்து, மாடியே அதிர்ந்திருக்கும், என் காதுல மிஷின் ஊதுச்சு, ஊதட்டும். அவுக நல்லாத்தான் சொல்லுதாக, என் காதுதான் மண்ணாப் போச்சு, இந்தச் சுண்டைக்காய் மிஷினெல்லாம் எனக்குக் காணாது, இதைவிடப் பெருசு எதுவும் இல்லையா உங்க கடையிலன்னேன். நஸ்ரின் மிரண்டு போயிட்டா. என்னைப் பாத்தா, அவுகளைப் பாத்தா, கெட்டிக்காரப் பிள்ளை, புரிஞ்சுக்கிட்டா. இவ்வளவு நாள் சண்டையில ஜெயிச்சது நான்தான். நீங்கதான் முனங்குறீகன்னு சொன்னேன், சரியாப் போச்சு, சாட்சி வேற ரெண்டு பேரு. இந்த ஜெயிப்பை நான் எங்க கொண்டு வைக்க. கம்பத்து உச்சிக்கே குரல் எட்டின மனுஷன், இப்பம் ஒட்டின காதுக்கும் கேக்கலன்னு தெரிஞ்சா மறுபடி அந்த வாய் திறக்குமா. நான் செவிடாவே இருந்துட்டுப் போறேன். நஸ்ரின் கீழ் டிராயரை இழுத்து ஒரு பெட்டியை எடுத்தா, பாக்கெட் மாடலும்மா, இப்பம் யாரும் வாங்குறதில்லன்னு. தீப்பெட்டியை ரெண்டு அடுக்கின பருமன், அதுல இருந்து தொங்கத் தொங்க ஒரு வயரு, நுனியில காதுக் கட்டை. நெஞ்சுல குத்திக்கிடணும், எட்டூருக்குத் தெரியும். அம்மா வேண்டாம்மா, ரேடியோவைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும்னு பிரிஸி அழுத குரல்ல சொல்லுதா, தெரியட்டும்ட்டி, எல்லாருக்கும் தெரியட்டும், கண்ணுக்குத் தெரியுற மாதிரிதான் வேணும் எனக்குன்னேன். காதுல இருந்ததைக் கழட்டிட்டு அந்தக் கட்டையைச் சொருகி, பெட்டியை மாராப்புல குத்திவிட்டா. பாத்தீகளா, உங்க பொண்டாட்டி டமாரச் செவிடு, கழுத்துல போர்டு மாட்டியாச்சுன்னு அவுககிட்டச் சொன்னேன்.

அவுக அந்தப் பெட்டியையே பாத்தாக. மைக் இதுலதாம்மா இருக்கு, பேசுறவங்க இதுகிட்டப் பேசணும்னு நஸ்ரின் சொன்னது அவுகளுக்குக் கேட்டிருக்கு. இடது கை வலது கையை விட்டுது. வலது கை துள்ளிக்கிட்டே நீண்டு வந்து, ஒரு தடவை என் சேலையைப் பிடிச்சு, மறு தடவை பெட்டியைப் பிடிச்சு, கழட்டித் தன் வாய்கிட்டக் கொண்டு போச்சு, வயரு இழுத்து என் தலையும் கூடக் குனிஞ்சுது. வாய் அசைய ஆரம்பிச்சுது. காதுக்குள்ள கடகடகடன்னு ஒரு சத்தம், தகரத்து மேல ஆலங்கட்டி மழை விழுந்த மாதிரி, என்னட்டி இதுன்னு பதறிட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சுது, அது அவுக நகம். கை துள்ளுற துள்ளுல நகம் பெட்டி மேல அடிக்குது. என் ரெண்டு கையாலயும் அந்தக் கையை மூடி அமுக்கிப் பிடிச்சேன். நடுக்கம் என் கையில ஏறி, கொஞ்ச நேரம் அங்கன நின்னு, அடங்குச்சு. கடகடப்பு நின்னுது. அப்பம் மூச்சு கேட்டுது. உள்ள போற மூச்சு, வெளிய வார மூச்சு, நடுவுல எச்சி முழுங்குறது, அவ்வளவும் கேட்டுது. சொல்லு இல்ல. ஒரு எழுத்துகூட இல்ல. உதடு அசையுது, நின்னுது, அசையுது, நின்னுது. மூச்சு வாங்க நின்னாகளா, முடிச்சுட்டாகளான்னு தெரியாம நான் அசையாம இருக்கேன். புருவம் லேசா ஏறிச்சு. கேக்குதாம்மான்னா நஸ்ரின். கேக்குதுன்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவச்சேன்னு உறைச்சுது. அவுக பெட்டியை விடல, என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கல, பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காக.